சாப்பிட்டபிறகு ஒரு குளிசை

மருந்துக்கடையில் நிற்பவளுக்கு ஊரில் யாருக்கு எங்கே நோகிறது என்பதெல்லாம் தெரிந்துவிடும். சண்டைக் காலத்தில் திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு பார்மசியில் வேலை செய்தேன். அங்கே அதிகம் விலைப்பட்டது இபுபுரூபன் குளிசைதான். நோவையும் குறைக்கும், வீக்கத்தையும் வற்றவைக்கும். இடுப்பை அசைக்கவிடாத நாரிப்பிடிப்பும் பல்லுக்குத்தும் கண்ட உங்களுக்கு அதை நான் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. வெறும் வயிற்றில் போட்டால் வயிறு புண்ணாகும் என்பதைத்தான் நாள் முழுக்கச் சொல்லவேண்டியிருந்தது.

புட்டு வைத்தியம்

துறைமுகத்தில் கோதுமை மாமூட்டை இறக்கும் லிங்கநகர் அண்ணை ஒருவர் நாரியைப் பிடித்தபடி வந்தார். "நல்லாச் சாப்பிட்டிட்டுப் போடுங்கோ அண்ணை" என்று அழுத்திச் சொல்லிக் கொடுத்தேன். அடுத்த நாள் நிமிர்ந்து நடந்து வந்தார். குளிசை கேட்டதா என்று விசாரித்தேன்.

"நீங்கள் சொன்னமாதிரி புட்டும் மீன்குழம்பும் வயிறுமுட்டச் சாப்பிட்டன் மிஸ், அப்பிடியே நித்திரையாப் போனன், குளிசை போட மறந்தே போச்சு!"

சோதனைச்சாவடியில்

மூதூர் முஸ்லிம் ராத்தா ஒருவர் கணவரின் முழங்கால் வீக்கத்துக்குக் குளிசை வாங்கிப் போனார். மருந்து கொண்டுபோனால் சோதனைச்சாவடியில் ஆயிரம் கேள்வி வரும் காலம். மறிபட்டாரோ என்று எனக்குப் பயம். திரும்ப வந்தபோது சிரித்துக்கொண்டே சொன்னார். ஆமிக்காரப் பெடியன் பொட்டலத்தைப் பிரித்து ஏதோ கேட்டானாம். அவனுடைய சிங்களம் விளங்காமல் இவர் முழங்காலைத் தடவி முனகிக் காட்ட, வரிசையே சிரித்ததாம். அவனும் சிரித்துவிட்டுத் தன் முழங்காலைத் தொட்டுக் காட்டினானாம்.

"பாவம், அவனுக்கும் உளைவுதான் மகள், ரெண்டு குடுத்து, சோறு திண்டிட்டுப் போடச்சொல்லிக் கையாலயே காட்டிட்டு வந்தனான்."

கொடுக்காத மருந்து

உப்புவெளியில் இருந்து ஒரு அக்கா அவசரமாக வந்தார். கடலுக்குப் போகும் கணவருக்கு நெருப்பாய்க் காய்ச்சல், உடம்பெல்லாம் அடித்துப்போட்ட நோவு. முன்பு தோள்மூட்டைச் சுகமாக்கிய அதே குளிசை வேண்டுமாம்.

"ஏலாது அக்கா. டெங்குவெண்டால் இது ரத்தக்கசிவைக் கூட்டிப்போடும். பரசிற்றமோல் தாறன், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ" என்றேன். மருந்தை ஒளிக்கிறேன் என்று ஏசிவிட்டு, பரசிற்றமோலையும் வாங்காமல் வெறுங்கையோடு போனார். வேறு கடையில் வாங்கிவிடுவாரோ என்று எனக்கு அன்று மத்தியானச் சோறே இறங்கவில்லை.

சில கிழமைகள் கழித்து, மெலிந்துபோன ஒருவர் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்தார். பின்னால் அந்த அக்கா, முகத்தில் வெட்கச் சிரிப்பு. ஆஸ்பத்திரியில் டெங்கு என்றே சொன்னார்களாம். கடதாசியில் சுற்றிய பாரை மீனை அக்காவின் கணவர் என் முன்னால் வைத்தார்.

"எல்லாரும் மருந்து தந்தவைக்குத்தான் குடுப்பினம், நான் தராத ஆளுக்குக் கொண்டுவந்தனான், மிஸ்."

நாள் முழுக்க நின்றபடி ஊராரின் நோவைத் தீர்த்ததில் எனக்கு மிஞ்சியது ஒரு நாரி உளைவுதான், அதற்கும் சாப்பிட்டபிறகு அதே குளிசையைத்தான் போடுகிறேன்.