பானெட்டைத் திறந்து வச்சுக்கிட்டு

என் வீட்டுக்காரருக்கு ஒரு வியாதி. எதையும் தொடறதுக்கு முன்னாடி நின்னு பாக்கணும். ஆவடியில ஃபேக்டரியில இன்ஜினைப் பரிசோதிச்சு அனுப்புற வேலை. "மொதல்ல கண்ணு, அப்புறம் கை, கடைசியாத்தான் ஸ்பேனர்"னு வீட்டுல மிக்ஸி நின்னாக்கூடச் சொல்லுவார். மிக்ஸிக்கு அது சரி. மகளோட பரீட்சை அன்னிக்கு நடுரோட்டுல கார் நின்னப்பவும் அதையே சொன்னார் பாருங்க, எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

மருத்துவ நுழைவுத் தேர்வு. அவளுக்கு அது ரெண்டாவது தடவை. மொதல் தடவை கொஞ்சம் மார்க்குல கைவிட்டுப் போனதுலேருந்து அவ ஒரு கல்யாணத்துக்கு வரல, ஒரு படம் பாக்கல. சென்டர் வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு காலேஜ். ஒன்றரைக்குக் கேட்டைச் சாத்தினா சாத்தினதுதான். முந்தின வருஷம் சாத்தின கேட்டுக்கு வெளிய ஒரு பொண்ணு உக்காந்து அழுததை நான் கண்ணால பாத்தேன். அவளோட அம்மா பக்கத்துல சும்மா நின்னுக்கிட்டிருந்தாங்க.

முத்தாபுதுப்பேட்டையில எங்க வீட்டுலேருந்து கிளம்பறப்போ நேரம் தாராளமா இருந்துச்சு. பருத்திப்பட்டு தாண்டினதும் வண்டி இழுக்க மாட்டேன்னுடுச்சு. ஆக்சிலரேட்டரை மிதிச்சா திணறுது. காலை எடுத்தா கொஞ்சம் உயிர் வருது. மறுபடி மிதிச்சா அடங்கிடுது. ஞாயித்துக்கிழமை, ஷட்டர் சாத்தின ஒரு டயர் கடை முன்னாடி ஓரங்கட்டிட்டு இறங்கினார்.

பானெட்டைத் திறந்தார். கையைப் பின்னாடி கட்டிக்கிட்டு நின்னார். அவ்வளவுதான், நிக்கிறார்.

"ஏதாவது பண்ணுங்களேன்" என்றேன்.

"பாத்துட்டுத்தானே பண்ண முடியும்."

நான் போன்ல கார் புக் பண்ணினேன். வர்றேன்னு காட்டிட்டு கேன்சல். இன்னொண்ணு, அதுவும் கேன்சல். ஒரு ஆட்டோக்காரர் வேகத்தைக் குறைச்சு எட்டிப் பாத்தார். "இன்னா சார், மக்கர் பண்ணுதா? நம்ம வண்டி ஃபுல்லா கீது, இல்லாங்காட்டி இட்டுகினு போயிருப்பேன்." உள்ள மூணு பிள்ளைங்க, கையில ஹால் டிக்கெட். அந்த ஆட்டோ போறதை என் மகள் ஜன்னல் வழியா பாத்துக்கிட்டே இருந்தா.

அவர் மட்டும் அசையல. போன மழையில எலி ஒயரைக் கடிச்சு ஏகப்பட்ட செலவு, அதனால மொதல்ல ஒயரைப் பாத்தார். கடிக்கல. பேட்டரி முனையைப் பாத்தார். "டைட்டா இருக்கு." பெல்ட், ஆயில், ஒவ்வொரு ஹோஸா குனிஞ்சு பாத்தார். "விரிசல் இல்ல. கசிவு இல்ல." பரிசோதனை பண்ற அந்த ஃபேக்டரிக் குரல். சாவகாசமா, அளந்து. அந்தக் குரலைக் கேக்கக் கேக்க எனக்கு அந்த மனுஷனை அங்கேயே விட்டுட்டு மகளைக் கூட்டிட்டு நடந்து போயிடலாம்னு இருந்துச்சு.

"பெட்ரோல்ல தண்ணி கலந்திருக்கும்" என்றார் கடைசியா. அப்பத்தான் அவர் நெத்தியைப் பாத்தேன். வேர்வை கோடு கோடா இறங்குது. பயந்துட்டார். அவர் பயந்ததைப் பாத்ததும் எனக்கு இன்னும் கோவம்.

"போய் ஸ்டார்ட் பண்ணுங்க. நான் பாக்குறேன்."

"உனக்கு என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது. போங்க."

போனார். நான் புடவையை இழுத்துச் செருகிக்கிட்டு, ஃபேனுக்குத் தள்ளி நின்னு குனிஞ்சேன். இன்ஜின் ஓடினதும் ஓரத்துல ஏதோ வெள்ளையா அசைஞ்சுது. கயித்துல தொங்கின ஒரு துணி முடிச்சு. அவர் மிதிச்சதும் துள்ளிப் போய், காத்து உள்ள போற குழாயோட வாயில பச்சக்னு ஒட்டிக்கிச்சு. வண்டி மூச்சு முட்டி நின்னுச்சு. முடிச்சு பழையபடி கீழ தொங்கிச்சு, ஒண்ணும் தெரியாத பாப்பா மாதிரி.

பிச்சு எடுத்தேன். பழைய பனியன் துணி, உள்ள புகையிலையும் அந்துருண்டையும். எலி வராம இருக்க அவரே கட்டினது. பள்ளம் மேட்டுல குலுங்கிக் கயிறு நழுவியிருக்கு. அத்தனை ஹோஸையும் பாத்த கண்ணு, தான் கட்டினதை மட்டும் பாக்கல.

"எப்போ கட்டுனீங்க இதை?"

"நேத்து சாயங்காலம்" என்றார். "பரீட்சை அன்னிக்குப் பாத்து எலி கடிச்சிடக் கூடாதேன்னு."

நான் வாயைத் திறக்கல. திறந்திருந்தா மூடியிருக்க மாட்டேன். வண்டி கிளம்புச்சு, நல்லாவே இழுத்துச்சு. திருவேற்காட்டுல நெரிசல், அப்புறம் சிக்னல். மடியில அந்த முடிச்சு நாறிக்கிட்டிருந்துச்சு. பேச வேண்டியதையெல்லாம் வழி பூரா வரிசையா அடுக்கி வச்சுக்கிட்டேன். மகள் உள்ள போனதும் மூணு மணி நேரம் இருக்கு. கல்யாணமான நாள்லேருந்து ஆரம்பிக்கலாம்னு இருந்தேன்.

காலேஜ் வாசல்ல கேட்டோட ஒரு கதவை ஏற்கெனவே சாத்திட்டாங்க. வாட்ச்மேன் இன்னொண்ணுல கை வச்சிருந்தார். மகள் கதவைத் திறந்து ஓடினா. ரெண்டு எட்டு போனவ திரும்பி வந்து என் பக்கத்து ஜன்னல்ல குனிஞ்சா. எதையோ மறந்துட்டான்னு எனக்குப் பகீர்னுச்சு.

"அம்மா, அப்பாவைத் திட்டாத" என்றாள்.

அதைச் சொல்றதுக்குத்தான் திரும்பி வந்திருக்கா. சொல்லிட்டு ஓடினா. அவ உள்ள போனதும் அந்தக் கதவையும் சாத்திட்டாங்க.

அவர் ஸ்டியரிங்கை விடாம பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தார்.

"இறங்குங்க, டீ குடிக்கலாம்" என்றேன்.