எட்டுப் பெட்டியும் ஒரு பொட்டுச் சந்தனமும்

திருச்சுழியிலிருந்து அருப்புக்கோட்டைக்கு வரும் காலை பஸ்ஸில் எல்லோரும் முன்சீட்டுக்கு முண்டியடிப்பார்கள். வெங்கடலட்சுமி மட்டும் பின்சக்கரத்துக்கு மேலே இருக்கும் கடைசி சீட்டுக்குப் போவாள். பள்ளத்துக்குப் பள்ளம் ஆளைத் தூக்கிப் போடும் இடம் அது. மடியில் துண்டை விரித்து, அதன்மேல் ஒரு தகரப் பெட்டியை வைத்து, பிள்ளையைப் பிடிப்பதுபோல அணைத்துக்கொள்வாள். பஸ் குதித்தால் அவள் முகம் மலரும். குதிக்காமல் வந்தால், "என்னண்ணே, இன்னைக்கு ரோட்ட மெத்தையாக்கிட்டீகளா?" என்று டிரைவரிடம் குறைப்படுவாள்.

"யக்கா, இதுக்கு அரை டிக்கெட்டா, முழு டிக்கெட்டா?" என்பான் கண்டக்டர் செல்லப்பாண்டி.

"கைப்பிள்ளைக்கு ஏதுடா டிக்கெட்டு? நடக்க ஆரம்பிச்சதும் கேளு."

முப்பதைத் தாண்டியவள். எங்கள் தெரு நெசவாளி வீட்டில் பிறந்து, மதுரையில் பௌதிகம் படித்து, திருச்சுழி தாலுகா ஆபீஸ் குமாஸ்தா ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டவள். என்னை மாமா என்பாள். கோபம் வந்தால் வீட்டுப் பேச்சான கன்னடத்தில்தான் வைவாள். அறைக் கதவைத் திறந்ததும் அவள் கண் எதையும் பார்க்காது, மூக்குத்தான் முதலில் பார்க்கும். நின்ற இடத்திலேயே இழுத்து மோந்து, ஒயர் கருகிய வாடை இல்லை என்று தெரிந்த பிறகே உள்ளே கால் வைப்பாள்.

அந்த அறை என்னுடையது. குழித்தறியில் கூலிக்கு நெய்தவன் நான். இன்று பவர்லூம் கொட்டகை, சாயப்பட்டறை, நூல் குடோன் எல்லாம் சொந்தமாக இருக்கின்றன. ஒருத்தர் தூக்கிவிட்டதில்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனாலும் நூலை இரண்டு விரலில் உருட்டி நம்பரைச் சொல்லிவிடுவேன். சுற்றுப்பட்டில் அப்படிச் சொல்கிற ஆள் வேறு யாராவது இருந்தால் எனக்குக் காட்டுங்கள்.

எழுபத்து மூன்றாம் வருஷம் தை மாதம் வந்தாள். "மாமா, ஒங்க தகரக் கொட்டகை வேணும்."

"அது எதுக்குத் தாயி? ஓடு போட்ட நல்ல அறை தாரேன்."

"அதுவுந்தான் வேணும். ஆனா தகரந்தான் முக்கியம். மத்தியானம் உள்ள போனா ஆளு வேகணும்."

அந்தக் கொட்டகையைப் புகழ்ந்து பேசிய முதல் ஆள் அவள்தான். எந்த ஊரில் எதற்கு மதிப்பு என்பது எனக்குத் தெரியும். உடனே கொடுத்துவிட்டேன்.

அவள் கொண்டுவந்தவை எட்டுப் பெட்டிகள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு குழாய், குழாய்க்குள் அடைத்த வாயு, நடுவில் பாவு இழைபோல இழுத்துக் கட்டிய மெல்லிய கம்பி. ஆகாயத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாத துகள்கள் ஓயாமல் விழுந்துகொண்டிருக்கின்றனவாம். கூரை, சுவர், நம் உடம்பு எல்லாவற்றையும் துளைத்துப் போகின்றனவாம். ஒரு துகள் குழாய்க்குள் புகுந்தால் பெட்டி 'டிக்' என்று சொல்லும். வடக்கே ஒரு சுரங்கத்தின் அடியாழத்தில் ஆறு பெட்டிகளை வைக்கப் போகிறார்கள். வைத்தால் மூன்று வருஷத்துக்கு யாரும் தொட முடியாது. அதற்குள் ஒன்று செத்தாலும் வேலை அத்தனையும் வீண்.

மதுரையில் பேராசிரியர் சண்முகவேலும் அவருக்குக் கீழே இவளும் இன்னும் இரண்டு பேருமாகச் சேர்ந்து செய்த பெட்டிகள் அவை. ஒன்பதாவது பெட்டி செய்ய வழியில்லை. சூடேற்றிச் சீக்கிரமே பழசாக்கிப் பார்க்கும் இயந்திரமும் அவர்களிடம் இல்லை. ஒரு வருஷத்துக்குள், மூன்று வருஷத்துக்குத் தாங்கும் என்று காட்ட வேண்டும். காட்டாவிட்டால் சுரங்கத்துக்காரர்கள் வெளிநாட்டுப் பெட்டியை வாங்கிக்கொள்வார்கள். இவர்கள் ஆய்வுக்கூடத்துக்குப் பூட்டுத்தான். வெங்கடலட்சுமிக்கு வேலையும் போய்விடும்.

நான் யோசனை சொன்னேன். "எட்டையும் தகரத்துக்கடியில போடு. எத்தனை நிக்குதுன்னு பாரு. நூலுன்னா நான் அப்படித்தான் அறுத்துப் பாப்பேன்."

"அறுத்த நூலுக்குப் பதிலு மில்லுல நூலு இருக்கு மாமா. எனக்கு ஆறு முழுசாத் திரும்பப் போகணுமே. கொல்றதுக்கு ரெண்டுதான் இருக்கு."

"அப்ப அந்த ரெண்டையும் எல்லாத்துலயும் போட்டு வதை."

"எல்லாத்துலயும் போட்டுச் செத்துச்சுன்னா, எது கொன்னுச்சுன்னு யாருகிட்டப் போயிக் கேக்க? ஒண்ணுக்கு வெயிலு மட்டும். ஒண்ணுக்கு பஸ்ஸு மட்டும். மத்த ஆறும் ஓட்டறையில நோகாம ஓடட்டும்."

இப்படித்தான் ஒரு பெட்டி தகரத்தடியில் வெந்தது. இன்னொன்று அவள் மடியில் கிடந்து தினமும் திருச்சுழி ரோட்டில் குலுங்கியது. அந்த வருஷம் மின்வெட்டு வேறு. தறி நின்றதும் தெருவே வையும். இவள் மட்டும் கையைத் தட்டுவாள். "வந்துருச்சு மாமா, ஓசிப் பரீட்சை! அணைஞ்சு அணைஞ்சு எரியிறதத் தாங்குதான்னு நான் தனியாச் செலவழிச்சுப் பாக்கணும். இங்க சும்மா கெடைக்குது." எங்கள் ஊரின் தொந்தரவுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வேலைக்கு வைத்துக்கொண்டாள்.

சித்திரையில் ஒரு மத்தியானம், தறிச் சத்தத்தையும் மீறிக் கத்திக்கொண்டு ஓடிவந்தாள். "செத்துருச்சு மாமா! செத்துருச்சு!"

பரிசுச் சீட்டு விழுந்தவள் முகம் அப்படித்தான் இருக்கும். வெயில் பெட்டியின் ஈயப்பற்று வெடித்து வாயு கசிந்துவிட்டது. திரும்ப அடைக்க அவர்களுக்கு வழியில்லை, போனது போனதுதான். ஆனால் எந்த இடத்தில் சாகும் என்று தெரிந்துவிட்டதே. மற்ற ஏழுக்கும் அந்த இடத்தில் இன்னொரு சுற்று ஈயம் வைத்தாள்.

ஐப்பசியை ஒட்டி ஆயுத பூஜை வந்தது. தறிக்கும் ஊடைநூல் சுற்றும் தாருக்கும் சந்தனம் வைத்த வீட்டில் பிறந்தவள் பெட்டிக்கு வைக்காமல் இருப்பாளா? கரண்டை நிறுத்தி, வரிசையாக வைத்து, என் மனைவி சௌடம்மாள் கரைத்த சந்தனத்தில் ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்தாள். குழாய் முனையில், கம்பி வெளியே வரும் இடத்தில், வெள்ளையாக ஒரு பீங்கான் வளையம் உண்டு. பார்த்தால் நெற்றி மாதிரியே இருக்கும். பொட்டு அங்கேதான் ஏறியது. சூடம் காட்டி முடித்ததும் கரண்டைப் போட்டாள்.

தகரக் கூரையில் கல்மழை விழுந்ததுபோல எல்லாப் பெட்டியும் ஒரே நேரத்தில் படபடவென்று அலறின.

அணைத்தாள். நூல் மூட்டையில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "கொன்னுட்டேன் மாமா. வெயிலு கொல்லல, பஸ்ஸு கொல்லல. நானே என் கையால ஏழு பெட்டியையும் கொன்னுட்டேன்."

"சந்தனம் வச்சதுக்கா அது சாகும்? அடி போடி, போக்கத்தவளே!" என்றாள் சௌடம்மாள். சொல்லிக்கொண்டே முந்தானையால் பெட்டியைத் துடைக்க ஆரம்பித்தாள். அதைப் பார்த்துத்தான் இவளும் எழுந்தாள். துடைத்து, மின்விசிறிக்கு அடியில் காயவைத்தார்கள்.

மறுநாள் காலையில் ஒன்றைப் போட்டுப் பார்த்தாள். பழையபடி, அவசரமே இல்லாமல், டிக்... டிக். அடுத்தது. அதற்கடுத்தது. ஏழும் பிழைத்துக்கொண்டன. வெங்கடலட்சுமி சிரிக்கவில்லை. நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"மாமா, வெயிலப் பாத்தேன், ஆட்டத்தப் பாத்தேன், கரண்டப் பாத்தேன். ஈரத்தப் பாக்கலியே! சுரங்கத்துல சுவரெல்லாம் ஒழுகும்னு சாரு மொத நாளே சொன்னாக. அந்த வளையத்துல ஈரம் பட்டா கரண்டு கசியுது. இப்படியே அனுப்பியிருந்தா, போன அன்னைக்கே கூப்பாடு போட்டிருக்கும்."

"நம்ம ஊர்க்காரிக்கு ஈரம் எப்படித் தாயி ஞாபகத்துக்கு வரும்? மழையவே பஞ்சாங்கத்துலதான பாக்கோம்" என்றேன். அப்போதுதான் சிரித்தாள்.

இனிக் கொல்வதற்கு மிச்சம் இருந்தது பஸ் பெட்டி ஒன்றுதான். இந்த வறண்ட பூமியில் ஈரத்துக்கு எங்கே போவது? என் சாயப்பட்டறைக்குத்தான். எந்நேரமும் அண்டா கொதித்து, சுவரில் ஆவி வேர்த்து வடியும் இடம் அது. வளையத்தின்மேல் முதலில் மெழுகுவத்தியை உருக்கிப் பூசினாள். ஈரத்துக்கு நின்றது, தகரத்தடியில் வைத்ததும் உச்சிப்பொழுதில் வழிந்துவிட்டது. தேன்மெழுகில் குங்கிலியத்தைப் பொடித்துக் காய்ச்சச் சொன்னவன் நான்தான். அவளிடமே கேட்டுப் பாருங்கள், மறுக்க மாட்டாள். அந்தப் பூச்சு வெயிலிலும் நின்றது, ஆவியிலும் நின்றது. ஓட்டறையில் இருந்த ஆறுக்கும் அதையே பூசினாள். மார்கழி முழுக்கப் பட்டறையில் பெட்டி டிக் டிக் என்றே இருந்தது. சாயக்காரர்கள் அதற்கு 'பல்லி' என்று பேர் வைத்துவிட்டார்கள்.

அடுத்த தை பிறந்ததும் பேராசிரியர் சண்முகவேல் வாடகைக் கார் வைத்துக்கொண்டு வந்தார். ஒல்லியான மனிதர். பட்டறைக்குள் நின்று, கண்ணாடியில் படிந்த ஆவியைத் துடைத்துத் துடைத்து நெடுநேரம் கேட்டார்.

"மூணு வருஷம் ஓடுமா, லட்சுமி?"

"ஓடும்னு சத்தியம் பண்ண மாட்டேன் சார். எதுல எல்லாம் செத்துச்சு, அதுக்கு என்ன செஞ்சோம், அப்புறம் எதுல எல்லாம் சாகலைன்னு சொல்றேன். மிச்சத்த நீங்க சொல்லுங்க."

"இந்தப் பெட்டி நிக்குது. நான் கொண்டுபோற ஆறுக்கும் கையால பூசினதுதானே? எங்கயாவது ஒரு மயிரிழை விட்டுப்போயிருந்தா?"

அவள் பதில் சொல்வதற்குள் சௌடம்மாள் சந்தனக் கிண்ணத்தோடு வந்தாள். வீட்டை விட்டு ஒரு பொருள் நல்ல காரியத்துக்குப் போனால் பொட்டு வைக்காமல் அனுப்ப மாட்டாள். ஆயுத பூஜைக் கதை அவருக்கும் தெரியும். "அம்மா, வேண்டாம்மா!" என்று பதறிக் குறுக்கே கையை நீட்டினார்.

வெங்கடலட்சுமி கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள். ஓட்டறையில் வரிசையாக இருந்த ஆறில் முதல் பெட்டியின் கரண்டை அணைத்தாள். தண்ணீர் சொட்டச் சொட்டச் சந்தனத்தை எடுத்து, பூசிய வளையத்தின்மேல் பெரிய பொட்டாக அப்பினாள். அவள் சுவிட்சைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

டிக்... டிக்.

துடைக்கவில்லை. கிண்ணத்தில் மறுபடியும் விரலைத் தோய்த்துக்கொண்டு இரண்டாவது பெட்டிக்கு நகர்ந்தாள்.