பழைய செப்பு வளையம்

அவரைக் கஞ்சன் என்றால் கோபம் பொத்துக்கொண்டு வரும். சிக்கனம் என்றுதான் சொல்ல வேண்டும். அறுந்த செருப்புக்கு வார் மாற்றி மாற்றியே காலத்தை ஓட்டுகிற மனிதரிடம் மனைவி என்னதான் பேசுவாள்? "வேலை செய்யற இடத்துலயும் இப்படித்தானா?" என்பாள். "அங்க எல்லாம் கரெக்ட்டா இருப்பேன்," என்பார். அதை அவரே நம்பினார், பாவம்.

குளிர் ஆய்வுக்கூடத்தில் குழாய் பூட்டுவதும் வெற்றிட பம்பு ஓட்டுவதும் அவர் வேலை. எல்லாருக்கும் அவர் ஸ்பேனர் அண்ணா. அங்கே முனைவர் பட்டத்துக்குப் படிக்கும் பெண், ஆர்கான் வாயுவில் துளி நீராவியைக் கலந்து கடுங்குளிரில் உறைய வைப்பாள். நீர் மூலக்கூறில் இரண்டு ஹைட்ரஜன் அணுக்கரு உண்டு. இரண்டின் சுழற்சியும் ஒரே பக்கம் என்றால் ஒரு வகை, எதிரெதிர் என்றால் இன்னொரு வகை. உறைந்த ஆர்கானுக்குள் தனித்தனியாகச் சிக்கிய மூலக்கூறுகள் முதல் வகையிலிருந்து இரண்டாம் வகைக்கு ஆடி அசைந்து மாறும். எவ்வளவு மெதுவாக என்பதுதான் அவள் ஆராய்ச்சியே.

ஒரு நாள் அது கிடுகிடுவென்று மாறிவிட்டது, இதுவரை யாரும் பார்க்காத வேகம். "உங்க கைராசிண்ணா," என்று பூரித்துப்போனாள். அவரும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தார்.

அடுத்த சோதனைக்குக் குழாயைக் கழற்றியபோதுதான் பார்த்தார். இணைப்பில் காற்று புகாமல் அடைக்கும் செப்பு வளையத்தில் ஒரு நசுங்கல் தடம் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு. ஒருமுறை நசுங்கிய வளையத்தை மறுபடி போடவே கூடாது. பார்க்க நன்றாயிருக்கிறதே, குப்பையில் போடுவானேன் என்று அவரேதான் போட்டிருந்தார். அது வழியாகக் காற்று புகுந்திருக்கிறது. காற்றின் ஆக்சிஜனுக்குக் காந்த குணம். பக்கத்தில் இருந்தாலே அந்த மாற்றத்தை விரட்டிவிடும். வெட்கத்தில் அவருக்குக் காது சுட்டது. வாயே திறக்காமல் புது வளையம் போட்டுவிட்டு, பழையதைச் சட்டைப்பையில் ஒளித்துக்கொண்டார்.

மாற்றம் பழையபடி ஆமை வேகத்துக்கு வந்தது. எங்கே தப்பு செய்தோம் என்று புரியாமல் அந்தப் பெண் கருவியின் முன் உட்கார்ந்து அழுதாள். அவர் பக்கத்தில் நின்று பம்பைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பேராசிரியர் அவளைக் கூப்பிட்டார். கதவு திறந்தே இருந்ததால் வெளியே நின்றவருக்கு எல்லாம் கேட்டது.

"முதல்ல காட்டின எண்ணெல்லாம் நிஜமா வந்ததா, நீயா போட்டியா?"

"நிஜமா வந்தது சார்."

"அப்ப எங்கயோ காத்து புகுந்திருக்கணும்."

"இருக்காது சார். அண்ணா பூட்டினா ஒழுகாது. வேணும்னா என்னைச் சந்தேகப்படுங்க."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது அவருக்கு. கூனிக் குறுகி உள்ளே போய் வளையத்தை மேசையில் வைத்தார்.

"நான்தான் சார். பழசைப் போட்டுட்டேன். தெரிஞ்சும் சொல்லல."

பேராசிரியர் திட்டியது எதுவும் காதில் ஏறவில்லை. அவள் வளையத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நான் அழுதப்ப பக்கத்துலதானே இருந்தீங்கண்ணா," என்றாள்.

மறுநாள் குழாய் பூட்டப் போனார். அவர் பூட்டும்போது அவள் எப்போதும் தன் வேலையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள். அன்று எழுந்து வந்தாள். அவர் புது வளையத்தின் உறையைப் பிரித்து, பொருத்தி, கடைசித் திருகாணியை முறுக்கும் வரை அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.