நீல மையில் ஒரு சொல்

என் அலுமாரியின் மேல்தட்டில் முழங்கை நீள அலுமினியத் துண்டு ஒன்று கிடக்கிறது. விமான இறக்கைக்குள்ளே முழுப் பாரத்தையும் தாங்கும் சட்டத்திலிருந்து வெட்டி எடுத்தது. அதில் என் கையெழுத்தில், நீல மையில், ஒரு சொல் இருக்கிறது. பார்க்கத் தைரியமில்லாமல் அந்தப் பக்கத்தைச் சுவரோடு திருப்பி வைத்திருக்கிறேன்.

அந்த விமானத்தைக் கட்டத் தொடங்கியவர் என் அத்தான், அக்காவின் கணவர். ஸ்காபரோவில் அடிபட்ட கார்களைத் திருத்தும் கடை வைத்திருந்தார். அப்பளமாய் நொறுங்கிய கதவைத் தட்டி நிமிர்த்தி, பள்ளம் நிரப்பும் பட்டிப் பசை பூசித் தேய்த்து, பெயின்ற் அடித்துக் கொடுத்தாரென்றால் எந்தக் கதவு அடிபட்டதென்று சொந்தக்காரனுக்கே தெரியாது. ஸ்ரௌவ்வில் என்ற ஊரில் இருந்த அவர் வீட்டுக் கராஜில் ஒருநாளும் கார் நின்றதில்லை. பெட்டி பெட்டியாய் வந்த பாகங்களைப் பொருத்தி, இரண்டு பேர் பறக்கும் விமானத்தை அங்கே ஆறு வருடமாய்க் கட்டினார். பிறகு நெஞ்சைப் பிளந்து ஒபரேஷன் செய்தார்கள். மிசிசாகாவில் விமானத் தகடு திருத்துகிறவன் நான், பறக்கவும் படித்திருந்தேன். என்னைக் கூப்பிட்டு, "மிச்சத்தை முடிச்சு, நீயே உன்ர அக்காவை ஏத்திக்கொண்டு பறடா தம்பி" என்றார்.

வலது இறக்கையை முதலில் பார்த்தேன். மேல்தகடு இன்னும் மூடப்படவில்லை; உள்ளே சட்டம் மினுமினுவென்று பெயின்ற்றோடு இருந்தது. குறையொன்றும் தெரியவில்லை, சட்டத்தில் நீலப் பேனையால் ஒரு சொல் எழுதிவிட்டு இடது பக்கம் போனேன். அங்கே ஸ்பானர் கைதவறி விழுந்து பெயின்ற் உரிந்தது. அடியில் சாம்பல் நிறப் பட்டி, கார்ப் பட்டி! நகத்தால் கிண்டினேன். துளை பிசகி, பக்கத்தில் இன்னொரு தரம் துளைத்து, இலக்கம் எட்டுப்போல் பிளந்த ஓட்டைகள். ஒன்றல்ல, பதினொன்று. காற்றில் ஒரு உலுக்கு உலுக்கினால் இறக்கை பிய்ந்து போகும். பக்கத்து இருக்கையில் அக்கா இருந்திருப்பாள்.

"உதென்ன அத்தான்?" என்று கராஜ் வாசலில் நின்றவரைக் கேட்டேன்.

"சின்ன ஓட்டையடா. பெயின்ற் அடிச்சா ஆருக்குத் தெரியும்?"

எனக்குக் கண் மண் தெரியவில்லை. "உங்களுக்கென்ன விசரோ? அக்காவைக் கொல்லப் பாக்கிறியளோ?" என்று கத்திக்கொண்டு பெரிய சம்மட்டியைத் தூக்கி இறக்கையின் நடுவில் போட்டேன். தகடு அலறியது. இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று. ரிவெட் ஆணிகள் தெறித்துச் சுவரில் பட்டன. கிழிந்த தகடு என் முன்கையைச் சீவிக்கொண்டு போனது. இரத்தம் வழுக்கியும் நான் விடவில்லை. வெட்கமில்லாமல் சொல்கிறேன், சந்தோஷமாயிருந்தது. ஒபரேஷன் செய்த உடம்புக்கு எங்கிருந்து அந்தப் பலம் வந்ததோ, அத்தான் இரும்புக் கம்பியை ஓங்கி என் தோளில் இறக்கினார். காறையெலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. விழுந்த பிறகும் அடித்தார். அக்கா ஓடிவந்து குறுக்கே விழுந்ததால் தப்பினேன்.

அந்தப் பனிக்காலம் முழுக்கப் பேச்சுவார்த்தை இல்லை. அவர் செத்தாலும் போகமாட்டேன் என்று எல்லாருக்கும் சொல்லித் திரிந்தேன். வெட்கக்கேடான பேச்சு.

பனி கரைந்த ஒரு சனிக்கிழமை ரூஜில் என் வீட்டு வாசலில் அவருடைய பிக்கப் வண்டி நின்றது. பின்னால் வலது இறக்கை. தானே இழுத்து என் டிரைவ்வேயில் போட்டார்.

"இதையும் உடை."

"அது நல்லாத்தானே இருக்கு? நான் பாத்தனான்."

"ஓம், நீ பாத்தனி" என்றார். "நீ எழுதினதை ஒவ்வொருநாளும் வாசிச்சன். இதில மற்றதைவிடக் கூட ஓட்டை இருக்கடா."

கோடரி அவரே கொண்டுவந்திருந்தார். என் தோள் இன்னும் உயரவில்லை. ஆறு வருட உழைப்பை அவரே கொத்தினார். உள்ளங்கை வெடித்துப் பிடியில் இரத்தம் ஊறும்வரை கொத்தினார். பட்டி பொருக்குப் பொருக்காய் உதிர்ந்தது. பதினெட்டு ஓட்டைகள். நான் எழுதிய சொல் இருந்த துண்டை மட்டும் வெட்டி எடுத்து வைத்தேன்.

இரண்டு இறக்கைகளையும் சேர்ந்து புதிதாய்க் கட்டினோம். பறப்பதைப் பார்க்க அவர் இருக்கவில்லை.

போன கிழமை வந்த அக்கா அலுமாரியில் கிடந்த துண்டை எடுத்துத் திருப்பினாள். எட்டு வடிவ ஓட்டைக்கு ஒரு விரல் தள்ளி, நீல எழுத்தில், "சரி".

"உன்ர அத்தான்ர எழுத்தோ?"

"இல்லை அக்கா, என்ர."