சலிக்கச் சலிக்கக் கரடிப் பூங்கா

பிள்ளைகள் இவளிடம் சிரித்து நான் பார்த்ததே இல்லை என்று கணவன் சொன்னது குடும்ப வழக்குகளுக்குச் சமரசம் பேசும் அதிகாரியின் அறையில். சுவரோரமெல்லாம் கோப்புகள் அடுக்கிய சின்ன அறை. அதிகாரி தலையை ஆட்டிக்கொண்டே அதைக் காகிதத்தில் குறித்துக்கொண்டார். அவன் சொன்னதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். அது நீல மையில் காகிதத்தில் ஏறியதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

அவள் ஒரு பெரிய மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள். காலை எட்டு மணிக்கு உள்ளே போனால் மாலை நாலு வரைக்கும் ஜன்னல் இல்லாத அறை, தோளை அழுத்தும் ஈயக் கவசம். மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க, இப்ப விடலாம் என்று ஒரு நாளைக்கு எண்பது பேருக்காவது சொல்லுவாள். அதனால் அங்கே எல்லோருக்கும் அவள் மூச்சம்மா. வீட்டுக்கு வந்தாலும் அதே குரல்தான். பல் தேய், அசையாமல் நில், தலை வாரணும், வீட்டுப்பாடம் எங்கே. சிரிக்கவைக்க நேரம் இருந்தால்தானே.

பிள்ளைகள் இரண்டும் பெண்கள். சின்னவளுக்கு மூன்று வயதாக இருந்தபோது, காதில் சீழ் வைத்து அவள் இரவும் பகலும் கத்திக்கொண்டிருந்த மாதத்தில்தான் அவன் வீட்டை விட்டுப் போனான். ஊரின் மறுகோடியில் ஒரு டைல்ஸ் கடையில் அவன் மேலாளர். இரண்டு வருஷம் ஆளும் இல்லை, பேச்சும் இல்லை. பிறகு வழக்கு, சமரசம், அந்த நீல மை. அரையாண்டுக்கு ஒருமுறை பள்ளி விடுமுறையில் மூன்று நாள் பிள்ளைகள் அவனோடு இருக்கலாம் என்று முடிவானது.

அந்த மூன்று நாளுக்கு அவன் கண்டுபிடித்ததுதான் ஊருக்கு வெளியே இருந்த கேளிக்கைப் பூங்கா. வாசலில் இரண்டு மாடி உயரத்துக்குக் கரடி பொம்மை கையை ஆட்டிக்கொண்டு நிற்கும். பிள்ளைகளுக்கு அது கரடிப் பூங்கா. உள்ளேயே விடுதி, நீச்சல் குளம், கேட்டதெல்லாம் ஐஸ்கிரீம். மூன்று வருஷத்தில் ஆறு தடவை. நடுவில் இருக்கும் மாதங்களில் அவன் தொலைபேசியில்கூட ஒழுங்காகப் பேசுவதில்லை. ஜுரம் வந்தது அவனுக்குத் தெரியாது. பெரியவள் கணக்கில் தோற்றது தெரியாது. வருஷத்துக்கு ஆறு நாள் வந்து அப்பா என்று பேர் வாங்கிக்கொண்டு போனான்.

ஆறாவது தடவை திரும்பி வந்த சாயங்காலம், சின்னவள் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, அப்பா வீட்டில் தினமும் இப்படித்தான் இருக்குமா என்று கேட்டாள். அப்பாவுக்கு வீடே அந்தப் பூங்காதான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்பது அப்போதுதான் புரிந்தது. பெரியவள் ஒரு படத்தை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினாள். ரோலர் கோஸ்டர் தலைகீழாக இறங்கும்போது எடுத்து வாசலில் விற்கிற படம். மூன்று பேரும் வாயைப் பிளந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். காலையில் பால் எடுக்கப் போகும்போதெல்லாம் அவள் கண்ணில் அதுதான் பட்டது. ஒரு வாரம் பார்த்தாள். அரசாங்கக் காகிதத்துக்குச் சாட்சியாக வீட்டுக்குள்ளேயே ஒட்டியிருந்தது.

வழி அவளுக்கு வேலையிடத்தில்தான் பிறந்தது. கை ஒடிந்த ஒரு பையனை எலும்பு கூடிவிட்டதா என்று பார்க்க மூன்றாம் தடவை கூட்டி வந்திருந்தார்கள். முதல் தடவை அந்த இயந்திரத்தைப் பார்த்து அலறியவன், இரண்டாம் தடவை அதற்குள் என்ன இருக்கிறது என்று கேள்வி கேட்டுத் துளைத்தவன், இந்தத் தடவை படுத்ததும் கொட்டாவி விட்டான். அவள் பொத்தானை அழுத்தாமல் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போகிறவள் அவள். ஸ்கூட்டர் வாங்கவென்று இரண்டு வருஷமாகச் சேர்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பணத்தை அப்படியே எடுத்துக்கொண்டு போய்க் கரடிப் பூங்காவில் மூன்று பேருக்கும் வருட அட்டை வாங்கினாள். எத்தனை தடவை வேண்டுமானாலும் போகலாம். அட்டைக்குப் படம் எடுத்தபோது பிள்ளைகள் இரண்டும் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு குதித்தன. அவளுக்கும் உள்ளே ஒரு குதிப்பு இருந்தது. அது வேறு காரணத்துக்கு.

அடுத்த சனிக்கிழமையே தொடங்கினாள். முதல் வாரம் பிள்ளைகளுக்குக் கால் தரையில் படவில்லை. இரண்டாவது வாரமும் அப்படியே. மூன்றாவது வாரத்திலிருந்து ஒழுங்கு வந்தது. திறக்கும் நேரத்துக்கு வாசலில் நிற்க வேண்டும். ஐஸ்கிரீம் கிடையாது, வீட்டிலிருந்து டப்பாவில் சோறு. பகல் பன்னிரண்டிலிருந்து ஒரு மணி வரை ராட்டினத்துக்குக் கீழே இருக்கும் பெஞ்சில் வீட்டுப்பாடம். மழை பெய்தால் குடை உண்டு. கூட்டிக்கொண்டு போய்ச் சிரிக்கவைக்க வேண்டும் என்று அவள் நினைக்கவே இல்லை. அங்கே இருக்கும் எல்லாவற்றையும் பள்ளிக்கூடம் ஆக்கிவிட வேண்டும், அவ்வளவுதான்.

ஏழாவது வாரம் பேய் வீட்டின் மூன்றாவது கதவுக்குப் பின்னாலிருந்து பாய்கிற பேய்க்கு இருமல் என்று சின்னவள் கண்டுபிடித்தாள். அடுத்த வாரம் வீட்டிலிருந்து அதற்கு இருமல் மிட்டாய் கொண்டுபோனாள். பேய் முகமூடியைத் தூக்கிவிட்டு வாங்கிக்கொண்டு, நன்றி கண்ணு என்றதாம். அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாருக்கு என்ன பயம் வரும். பத்தாவது வாரத்துக்குள் பெரியவள் கையில் கதைப் புத்தகம் வந்துவிட்டது. கப்பல் ஊஞ்சலில் உட்கார்ந்து, அது மேலே போய்க் கீழே வரும்போது பக்கம் திருப்பினாள். பெஞ்சிலிருந்து அதைப் பார்த்தபோது மூச்சம்மாவுக்கு நெஞ்சு குளிர்ந்தது.

பதினாறாவது வாரம், இன்றைக்கு வீட்டிலேயே இருக்கலாமா என்று சின்னவள் கேட்டாள். காசு கட்டியாச்சு, கிளம்பு என்றாள் இவள்.

மருத்துவமனையில் மாவுக்கட்டு போடுபவர் ஒருவர் உண்டு. வயதில் மூத்தவர், வாய் சும்மா இருக்காது. சனிக்கிழமை வேலையெல்லாம் மாற்றிக்கொண்டு எங்கே போகிறாள் என்று கேட்டுக் கேட்டுக் கடைசியில் விஷயத்தைக் கறந்துவிட்டார்.

"ஸ்கூட்டர் காச ராட்டினத்துல விட்டுட்டியேம்மா. இது உனக்குக் கட்டுபடியாகுமா?" என்றார்.

"ஒரு நாள் அந்த ஆள் மூஞ்சியப் பாப்பேன். அன்னிக்குச் சொல்றேன் அண்ணே."

அவர் கையில் ஒட்டியிருந்த மாவைச் சுரண்டிக்கொண்டே போய்விட்டார்.

அந்த நாள் விடுமுறையின் முதல் காலையில் வந்தது. அவன் புதுச் சட்டை போட்டுக்கொண்டு, கரடிக் காது வைத்த தொப்பிகள் இரண்டைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றான். அவள் அடுப்படியில் டம்ளர்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அங்கிருந்து கூடம் முழுக்கத் தெரியும்.

"கிளம்பலாமா? இந்தத் தடவ கரடி ரூமே கிடைச்சிருக்கு. கட்டில்கூடக் கரடி மாதிரி இருக்குமாம்."

சின்னவள் தொப்பியை வாங்கினாள். போட்டுக்கொள்ளவில்லை.

"அங்கயாப்பா?"

"ஏன், உனக்குத்தான் பிடிக்குமே."

"வாராவாரம் போறோம்ப்பா. கரடிக்குள்ள இருக்கறவருக்கு இடுப்பு வலி. மத்தியானத்துக்கு மேல வேற ஆள் வருவாரு."

பெரியவள் புத்தகத்திலிருந்து தலையை எடுக்காமலேயே, கப்பலுக்குப் பெல்ட் மாற்றுகிறார்கள், இந்த வாரம் ஓடாது, போயும் ஒன்றும் இல்லை என்றாள். அதில் கோபமோ குத்தலோ இல்லை. பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னாள்.

அவன் முகம் மாறியதை மூச்சம்மா ஒரு துளி விடாமல் பார்த்தாள். முதலில் சிரிப்பு அப்படியே நின்றது. பிறகு அது எங்கே போவதென்று தெரியாமல் ஒரு பக்கமாகக் கோணியது. துடைத்த டம்ளரையே அவள் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள். இருபத்தாறு சனிக்கிழமைக்கும் இரண்டு வருஷச் சேமிப்புக்கும் அந்த ஒரு நிமிஷம் ஈடாகிவிட்டது என்று அவளுக்குத் தோன்றியது.

பிள்ளைகள் பையை எடுக்க உள்ளே போனதும் அவன் அடுப்படி வாசலுக்கு வந்தான். வழக்கு முடிந்த நாளிலிருந்து அவள் அவனை நீங்க என்று சொன்னதில்லை. நீ என்று சொல்லவும் நாக்கு வரவில்லை. வந்தாச்சா, எப்போ கொண்டுவந்து விடறது என்று ஆளைத் தொடாமலேயே மூன்று வருஷம் ஓட்டியிருந்தாள்.

"இனிமே நான் இவங்கள எங்கதான் கூட்டிட்டுப் போறது?" என்று கேட்டான். சண்டைக்குக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரியாமல் கேட்டான்.

"அது எனக்கு எப்படித் தெரியும்? உங்ககிட்ட பிள்ளைங்க சிரிச்சு நான் பாத்ததே இல்லையே."

மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அவள் வாயில் உங்க என்று வந்தது இதற்குத்தான். அது தானே சமரச அறையில் சொன்ன வார்த்தை என்று அவனுக்கு ஞாபகம் வரக் கொஞ்ச நேரம் ஆனது. வந்ததும் தலையைக் குனிந்துகொண்டான். அந்த மூன்று நாளில் ஒரு நாள்கூட அவர்கள் பூங்காவுக்குப் போகவில்லை. அறைக்குக் கட்டிய பணம் திரும்பி வராது என்று சின்னவள் பிற்பாடு சொன்னாள். அதைக் கேட்டு அவள் அன்றைக்கு இரண்டு கவளம் கூடுதலாகச் சாப்பிட்டாள்.

கதை அதோடு நின்றிருந்தால் அவளுக்கு நல்லது. அந்த மூன்று நாளும் பிள்ளைகள் இருந்தது அவனுடைய ஒற்றை அறையில். ஆறு தடவை விடுதிக்குப் போனவர்கள் அப்பா குடியிருக்கும் இடத்தை அப்போதுதான் முதல்முறை பார்த்தார்கள். ஒரு கட்டில், ஒரு அடுப்பு, கடையில் மீந்த டைல்ஸ் மூலையில் அடுக்கியிருந்தது. சோறு வடிக்கத் தெரியாத மனிதன். பெரியவள் சொல்லிக்கொடுத்தாளாம். இரண்டு தடவை அடிப்பிடித்ததாம். மீந்த டைல்ஸை உடைத்துக் குளியலறைச் சுவரில் மூன்று பேருமாகச் சேர்ந்து ஒரு கோணல் மீன் ஒட்டினார்களாம். திரும்பி வந்த பிள்ளைகள் அந்த மீனைப் பற்றிச் சொல்ல வாயெடுத்துச் சிரிப்புத் தாங்காமல் தரையில் உருண்டன. மூச்சம்மா அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பூங்காவிலிருந்து வந்த எந்தத் தடவையும் அவர்கள் இப்படிச் சிரித்ததில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் வந்து கேட்டான். அதற்கடுத்த ஞாயிறும் வந்தான். வேண்டாம் என்று சொல்லக் காரணம் இருந்தது, காகிதத்தில் அரையாண்டுக்கு மூன்று நாள் என்றுதான் இருக்கிறது. ஆனால் பிள்ளைகள் பையோடு தயாராக நின்றார்கள். அவனிடமிருந்து கரடியைப் பிடுங்கியவள் அவள்தான். பிடுங்கியதால்தான் அவன் அப்பாவாக வேண்டியதாகிவிட்டது. அந்த நினைப்பு நாலைந்து வாரம் அவளை உள்ளுக்குள் அரித்தது. நோயாளிகளிடம்கூட வெடுக்கென்று பேசினாள்.

ஒரு நாள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது பெரியவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பாவப் பழிவாங்கத்தானம்மா எங்கள அங்க இழுத்துட்டுப் போன?"

இல்லை என்று சொல்லலாமா என்று பார்த்தாள். அந்த முகத்தைப் பார்த்துப் பொய் வரவில்லை.

"எப்பத் தெரியும்?"

"அஞ்சாறு வாரத்துலயே. நீ எதுலயும் ஏறல, எங்க மூஞ்சியவே பாத்துட்டு இருந்த. எனக்குப் பரவால்ல. சின்னவகிட்ட மட்டும் சொல்லிடாத. உனக்கு அந்த இடம் ரொம்பப் பிடிக்கும்னு அவ நம்பிட்டிருக்கா."

அப்பா செய்தது சரி என்று பெரியவள் சொல்லவில்லை. அம்மா செய்தது தப்பு என்றும் சொல்லவில்லை. ஒரு பாவாடையை மடித்து அடுக்கின்மேல் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

பூங்காவுக்குப் போவது எப்போதோ நின்றுபோயிருந்தது. அட்டை முடிய ஒரு மாதம் இருக்கும்போது, ஒரு சனிக்கிழமை விடிந்ததும் சின்னவளே டப்பாவில் சோறு அடைத்துக்கொண்டு வந்து எழுப்பினாள். மறுநாள் அப்பா வீட்டுக்குப் போகவில்லையாம், அவருக்குச் சொல்லியாயிற்றாம். இரண்டு நாளும் அம்மாவோடு கரடிப் பூங்காதானாம். "உனக்குப் பிடிக்குமேம்மா. நாங்க வரமாட்டேங்கறோம்னு நீ பாவம் போகாமயே இருக்க."

பெரியவள் கதவுப் பக்கம் திரும்பி நின்றாள். அவள் தோள் சிரிப்பில் குலுங்குவது தெரிந்தது.

தப்பிக்க வழியே இல்லை. போனார்கள். பெஞ்சில் உட்காரப் போனவளைச் சின்னவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் புதுப் பெல்ட் போட்ட கப்பல் ஊஞ்சலில் ஏற்றினாள், நீ ஒரு தடவகூட ஏறினதே இல்லையே என்று. நாலாவது ஆட்டத்தில் மூச்சம்மாவுக்கு வயிறு வாய்க்கு வந்துவிட்டது. இறங்கியதும் பூச்செடிகளுக்கு நடுவே குனிந்து காலையில் குடித்த காபி வரைக்கும் வாந்தி எடுத்தாள். சின்னவள் அவள் கூந்தலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். பெரியவள் தண்ணீர் பாட்டிலை நீட்டியபடி, அடக்க முடியாமல் சிரித்தாள். சின்னவளுக்கும் அது தொற்றிக்கொண்டது. அம்மாவின் கூந்தலை விடாமலேயே இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

வாயைக் கொப்பளித்துவிட்டு அவள் செடிகளோரம் தரையிலேயே உட்கார்ந்தாள். தலை இன்னும் சுற்றியது. ஸ்கூட்டருக்கு இன்னும் இரண்டு வருஷம் சேர்க்க வேண்டும். மறுபடி இதே காசைக் கையில் கொடுத்து, இதே போல் செலவழிப்பாயா என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்துப் பார்த்தாள். தொப்பிகளைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்ற அந்த முகம் ஞாபகம் வந்தது. செலவழிப்பேன் என்றுதான் மனம் சொன்னது, கொஞ்சமும் தயங்காமல்.

"இன்னொரு தடவ ஏறலாமாம்மா?" என்று சின்னவள் கேட்டாள்.

"ஏறலாம். இதுல மட்டும் வேணாம்" என்று சொல்லிவிட்டு அவள் கையை நீட்டினாள். இரண்டு பிள்ளைகளும் ஆளுக்கொரு கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார்கள்.