இம்மாகுலேற் தட்டிய கடிதங்கள்

தொண்ணூறுகளில் லண்டனில் தமிழ் அச்சகம் வைத்திருந்தவர்களுக்கு ஆளுக்கொரு எழுத்துரு. ஒருவர் தட்டிய தமிழ் அடுத்தவரின் கணினியில் வெறும் இங்கிலிஷ் எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும். வாடிக்கையாளர் ஓடிவிடக் கூடாதாம்! டூட்டிங் பகுதியில் அச்சகம் வைத்திருந்த பத்மநாதன் தானே ஒன்றைச் செய்து, எந்தத் தமிழ் எழுத்துக்கு விசைப்பலகையில் எந்தச் சாவி என்பதை ஊரில் ஒருவருக்கும் சொல்லாமல் பொத்திப் பொத்தி வைத்திருந்தார். அவரைத் தவிர அது தெரிந்த ஒரே ஆள், அவரிடம் வேலை பார்த்த இம்மாகுலேற்.

பதினொரு வருடம் அங்கே கல்யாணக் கார்டும் நினைவு மலரும் தட்டினார் இம்மாகுலேற். ஓய்வு கிடைக்கும்போது, தம்பி றொனால்ட் இலங்கையில் போர் நடந்த வன்னியிலிருந்து எழுதிய கடிதங்களையும் தட்டிப் பிளாப்பியில் ஏற்றினார். கடதாசி மக்கிப்போகும், கணினி காப்பாற்றும் என்று நம்பிக் கடதாசிகளை எறிந்தும் விட்டார். என்ன புத்தியோ! பத்மநாதன் செத்தார், அச்சகம் மூடியது, எழுத்துருவும் அதோடு போயிற்று. இரண்டாயிரத்து ஒன்பதில் றொனால்டும் மனைவியும் ஷெல்லடியில் செத்துப்போனார்கள்.

அவர்களின் மகள் சுவர்ணா சின்னம்மாவிடம் வளர்ந்தாள். போன வருடம் நர்ஸ் வேலைக்கு லண்டன் வந்தவள், மாமி இம்மாகுலேற்றின் அலுமாரியில் அந்தப் பிளாப்பியைக் கண்டாள். எங்கோ கொடுத்து அச்சிட்டு வந்தாள். ஒரு தமிழ் எழுத்துக்கூட இல்லை.

"மாமி, இதை ஒருத்தராலயும் வாசிக்க ஏலாதாம். உங்களுக்கு ஏலுமோ?"

இம்மாகுலேற் கண்ணாடியைப் போட்டார். விரல்கள் தாமாகவே மேசையில் அசைந்தன. முதல் வரி 'அக்கா' என்றது. ஒன்றும் மறக்கவில்லை. கடைசிக் கடிதத்தைக் கண்டதும் தாளைக் கவிழ்த்து வைத்தார்.

"ஏலாது பிள்ளை. எல்லாம் மறந்துபோச்சு."

சுவர்ணா தாள்களை அடுக்கினாள். "பரவாயில்லை மாமி. அப்பா எங்களை வெளியில எடுக்க ஒரு முயற்சியும் செய்யேல்லை எண்டு எனக்கு இண்டைக்கும் அவரில கோபம். ஏனெண்டு எழுதியிருப்பாரோ எண்டு பார்த்தன்."

செத்தவன் தலையில் இந்தப் பழியுமா? வாய் திறந்தால் இந்தப் பிள்ளையும் தன்னை விட்டுப் போய்விடும் என்று இம்மாகுலேற்றுக்குப் பயமாக இருந்தது. ஆனாலும் கையை நீட்டினார்.

"இஞ்ச கொண்டா."

ஒவ்வோர் எழுத்தாகத் தட்டித் தட்டி வாசித்தார்.

"அக்கா, நான் எப்பிடியும் சமாளிப்பன். பிள்ளைக்கு ஒரு வயசாகுது. இவளையும் பிள்ளையையும் எப்பிடியாவது அங்க கூப்பிடுங்கோ. எனக்குப் பயமாக் கிடக்கு."

சுவர்ணா தாளை வாங்கி, தனக்கு விளங்காத அந்த எழுத்துகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எந்த வருசம் மாமி?"

"ரெண்டாயிரத்து ஒண்டு."

"நீங்கள் என்ன பதில் எழுதினீங்கள்?"

"சமாதானம் வரப்போகுது, கொஞ்சம் பொறு எண்டு எழுதினன்."