மருந்து தேவையில்லை என்றால்...

போன கிழமை எங்கள் வீட்டில் தொடர்ந்து மூன்று நாள் நண்டுக் கறி. காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். அப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என்னை உங்களுக்குத் தெரியும். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். சைக்கிளில் நெல் மூட்டை கட்டித் தொடங்கி, இன்று வட்டக்கச்சியில் இரண்டு மில் ஓட்டுகிறேன். பாங்க் மனேஜரே என்னிடம் யோசனை கேட்பார்.

என் மனைவி பரிமளத்துக்குச் சீனி பார்க்க இரத்தம் எடுத்த இடத்தில், வெள்ளை அணுக்கள் கூடியிருந்தன. மேலும் சோதித்துவிட்டு, இரத்தப் புற்றுநோயில் ஒரு வகை என்றார்கள். அவளை வெளியே இருத்திவிட்டு நான் மட்டும் உள்ளே போனேன். டொக்டர் ஒரு இளம் பெண்பிள்ளை. நிறையச் சொன்னா. என் காதில் நின்றது ஒன்றுதான்...

"இப்ப மருந்து தேவையில்லை, ஐயா."

எங்கள் பக்கத்தில் இதற்கு என்ன அர்த்தம்? வீட்டுக்குக் கொண்டுபோங்கோ, விருப்பமானதைக் குடுங்கோ. "ஓம், விளங்குது" என்று பெரிய மனிதர் மாதிரித் தலையாட்டிவிட்டு எழுந்து வந்தேன். பரிமளத்திடம் "ஒண்டுமில்லையாம்" என்றேன். அவளுக்கு விருப்பமானது நண்டு.

மூன்றாம் நாள் அவள் சாப்பாட்டைத் தள்ளிவைத்தாள்.

"இஞ்சாருங்கோ, நான் சாகப்போறனோ?"

"ஆர் சொன்னது?"

"நாப்பத்தாறு வருசத்தில எனக்கு ஒரு நண்டு உடைச்சுத் தந்திருப்பியளே? டொக்டர் என்ன சொன்னவ?"

"மருந்து தேவையில்லையாம்."

"ஏனாம்?"

ஏனாம்? அதைத்தானே நான் கேட்கவில்லை.

"உங்களுக்கு விளங்கேல்லை. கேக்க வெக்கம்" என்றாள். கோபமில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னாள்.

அடுத்த நாள் இருவரும் போனோம். "பிள்ளை, அண்டைக்கு எனக்கு ஒண்டும் விளங்கேல்லை" என்றேன்.

"தெரியும் ஐயா. விளங்கினவை இவ்வளவு கெதியா எழும்பிப் போறேல்லை" என்றா டொக்டர். பிறகு பரிமளத்தின் பக்கம் திரும்பினா. "இது ரத்தப் புற்றுநோயில மெல்ல நகருற வகை, அம்மா. உங்களுக்கு ஒரு குணங்குறியும் இல்லை. இப்ப மருந்து துடங்கி நன்மையில்லை. மூண்டு மாசத்துக்கு ஒருக்கா ரத்தம் பாப்பம். காய்ச்சல், மெலிவு, கழுத்தில கட்டி வந்தால் உடன வாங்கோ. கனபேர் வருசக்கணக்கா மருந்தில்லாமல் இருக்கினம்."

"பிறகு தேவைப்பட்டால்?"

"முந்தியெண்டால் நரம்பில ஏத்துற மருந்துதான். இப்ப கெட்ட அணுவைக் குறிவைச்சு, வாயால விழுங்கிற குளிசையள் வந்திருக்கு. எது பொருந்துமெண்டு மரபணுச் சோதனையும் சொல்லும். நோய் முழுக்க மாறுமெண்டு சொல்லமாட்டன். எல்லாக் குளிசையும் இஞ்ச லேசில கிடைக்காது. ஆனா ஆராய்ச்சி நிக்கேல்லை."

"எத்தினை வருசம் இருப்பன், பிள்ளை?"

"திகதி சொல்ல ஏலாது, அம்மா. இந்த வருத்தத்தோடையே கிழவியானவையும் இருக்கினம்."

"நான் இப்பவே கிழவிதானே" என்றாள் பரிமளம். மூன்று பேரும் சிரித்தோம். என் கண் மட்டும் நனைந்திருந்தது.

டொக்டர்மார் காவல் இருந்து பார்க்கிற நோயாளியை, கேட்க வெட்கப்பட்டு நான் மூன்று நாள் மனதுக்குள் வழியனுப்பிக்கொண்டிருந்தேன். எவ்வளவு பெரிய மடையன் வேலை?

மில் கட்டினேன், வீடு கட்டினேன்... ஆனால் இந்த வாயால் நான் சொன்னதில் ஆகப் பெறுமதியானது, "எனக்கு விளங்கேல்லை."